லைம் திருடு போன வெள்ளிக்கிழமை

அந்த அம்மாள் குடையை மடக்காமலேயே உள்ளே வரப் பார்த்தார். எங்கள் ஆபீஸ் வாசல் குறுகல். குடை மாட்டிக்கொண்டது. ஒரு இழு இழுத்தார். கம்பி ஒன்று ஒடிந்து தொங்கியது.

“போகட்டும்,” என்றார். “இதுக்குக் கீழ என்கூட நிக்க வேற ஆளா இருக்கு?”

டிரினிடாட் தீவின் செயின்ட் ஜேம்ஸில், ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் எங்கள் துப்பறியும் ஆபீஸ். முதலாளி மிஸ் எர்மின் லெசாமா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்கார முடியாமல் இந்தத் தொழிலை ஆரம்பித்தவர். நான் உதவியாளன், டெக்ஸ்டர் மூன்சாமி. கப்பலில் வந்திறங்கிய என் பாட்டன் வெறும் முனுசாமிதான். துறைமுகத்தில் பேரெழுதிய வெள்ளைக்காரக் குமாஸ்தா அவரை நிலாவாக்கிவிட்டான். ‘அதான் நீ மாசத்துல பாதி நாள் கண்ணுல படறதில்ல’ என்பாள் என் மனைவி. இப்போது முன்னாள் மனைவி.

“உட்காருங்க டான்ட்டி,” என்றேன். எங்கள் ஊரில் அம்மா வயதுக்காரர்கள் எல்லோரும் டான்ட்டிதான்.

“என் பேரு ஃபிலோமீன் மார்க்கானோ. கரனாஜ்லேர்ந்து வரேன். ஒரு கேசட் திருடு போயிருக்கு. நான்தான் திருடினேன்னு ஊரே சொல்லுது.”

“திருடினீங்களா?” என்று கேட்டார் மிஸ் லெசாமா. வணக்கம் சொல்லும் வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

“இல்ல.”

“அப்ப அந்தக் கேசட்டைத் தேடித் தரணும்.”

“கேசட் யாருக்கு வேணும்?” என்றார் டான்ட்டி ஃபிலோ. “எனக்கு என் வெள்ளிக்கிழமை வேணும்.”

மிஸ் லெசாமா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

விஷயம் இதுதான். டான்ட்டி ஃபிலோவின் எதிர்வீட்டில் ஓஸ்மண்ட் ப்ரெவால் என்பவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் ரேடியோ அறிவிப்பாளர். மனைவி கிளாடின் இறந்து சில வருஷம் ஆகிறது. பிள்ளைகள் கனடாவில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு முன்தாழ்வாரத்தில் ஒரு லைம். வேலை வெட்டி இல்லாமல் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுவதை நாங்கள் லைம் என்போம். அந்த லைமுக்கு வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் டான்ட்டி ஃபிலோ. இன்னொருவர் குருவி பிடிக்கும் கத்பர்ட் குவாமினா.

“என்ன பேசுவீங்க?” என்று கேட்டேன்.

“லைம்ங்கிற சொல் எங்கேர்ந்து வந்துதுன்னு.”

“அப்புறம்?”

“அதான். வேற என்ன?”

“வருஷக்கணக்கா இது ஒண்ணேவா!”

“முடிஞ்சாத்தானே தம்பி வேற பேசறது?” என்றார் டான்ட்டி. “ஓஸ்மண்ட் சொல்வார், எலுமிச்சம் பழத்துக்கு லைம்னு பேரு அரபுக்காரன் குடுத்தது. சுண்ணாம்புக்கும் குருவி பிடிக்கிற பிசினுக்கும் லைம்னு பேரு, அது பழைய இங்கிலீஷ். சீமையில லைம்னு ஒரு மரம் இருக்காம், அது வேற ஏதோ பேரு திரிஞ்சு வந்ததாம். ஒண்ணுக்கொண்ணு சொந்தமே கிடையாது. ஒரே பேரை வெச்சுக்கிட்டு ஒரே வீட்ல குடியிருக்கிற அந்நியங்க. ஆனா நம்ம லைம் இருக்கே, உட்கார்ந்து பேசற லைம், அதுக்கு அப்பன் யாருன்னுதான் தெரியல.”

ஆளுக்கொரு அப்பனைச் சொன்னார்கள். ஓஸ்மண்ட் சொன்னது வெள்ளைக்கார மாலுமிகள். கப்பலில் எலுமிச்சைச் சாறு குடித்ததால் அவர்களுக்கு லைமி என்று பட்டப்பேர். யுத்த காலத்தில் அவர்கள் நம் தெருமுனைகளில் சும்மா நின்றதிலிருந்து வந்தது. கத்பர்ட் சொன்னது பிசின். கிளையில் தடவினால் குருவி ஒட்டிக்கொள்வதுபோல இடத்தை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வதுதான் லைம். டான்ட்டி ஃபிலோ சொன்னது புளித்த மூஞ்சி. பார்ட்டிக்குள் விடாதவன் வெளியே நின்று, எலுமிச்சையை உறிஞ்சினவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பான் இல்லையா, அவனிடமிருந்து வந்தது.

“போன மாசம் ரேடியோ ஸ்டேஷனை இடம் மாத்தினாங்க. ஓஸ்மண்டோட பழைய டேப்பையெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டு அவர் வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. அதுல ஒரு கேசட். யுத்த சமயத்துல கப்பல்துறைகிட்ட மதுக்கடை வெச்சிருந்த மா டிட்டீன்கிற கிழவி பேசினது. ‘லைமோட அப்பன் இதுல இருக்கான். அடுத்த வெள்ளிக்கிழமை போட்டுக் காட்டறேன், மறுநாள் ரேடியோவுல போடறாங்க’ன்னு அவர் குதிச்சார். புதன்கிழமை அவர் டவுனுக்குப் போயிட்டு வந்து பார்த்தா வீட்ல கேசட் இல்ல. யாரோ சாவகாசமா உட்கார்ந்து புது ரம் பாட்டிலையும் திறந்து குடிச்சிருக்கான்.”

“வீட்டுச் சாவி?”

“வாசல்ல சங்குக்கு அடியில. எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். கத்பர்ட் என்னைச் சொல்றான். நான் அவனைச் சொல்லிட்டேன். நடுத்தெருவுல, வாய்க்கு வந்தபடி. அலமாரிக் கண்ணாடியில அவனோட பிசின் கைரேகை இருக்கே! அதுக்கப்புறம் ரெண்டு வெள்ளிக்கிழமை போயிடுச்சு. யாரும் யார் வீட்டுக்கும் போகல.” டான்ட்டி ஒடிந்த குடைக் கம்பியை நிமிர்த்தப் பார்த்தார். “ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். ஓஸ்மண்ட் மூணு கிளாஸை எடுத்து வெச்சுட்டு உட்கார்ந்திருந்தார். இருட்டினதும் எடுத்து உள்ள வெச்சுட்டார். குடிக்காத கிளாஸைக் கழுவிட்டு வெச்சார் மிஸ், எனக்குக் குழாய் சத்தம் கேட்டுது.”

கூலியாக ஒரு தகர டப்பாவை மேஜைமேல் வைத்தார். மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் போட்டுச் சுட்ட கேக். மிஸ் லெசாமா வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றார். “வரோம்.”

*

கரனாஜுக்கு வேனில் போகும்போது ஒரு பக்கம் பூராவும் கடல். மழை விட்டிருந்தது. மிஸ் லெசாமா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டை ஆபீஸ் ஜன்னலருகே நின்றபடியே முடிப்பார். வெள்ளிக்கிழமை தெரு முழுக்க ஜனம் கூடி ஆளாளுக்கு பாட்டிலைத் திறக்கிற நேரத்தில், கைப்பையை அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இத்தனை வருஷத்தில் அவர் லைம் அடித்து நான் பார்த்ததில்லை. நான் மட்டும் என்ன? என் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டியும் பாதி வெங்காயமும்தான் இருக்கின்றன.

கத்பர்ட் குவாமினா சீமைப்பலா மரத்தடியில் உட்கார்ந்து, மரத்துப் பாலைக் காய்ச்சிய பிசினை இரண்டு கையாலும் இழுத்து உருட்டிக்கொண்டிருந்தார். மேலே கிளை கிளையாகக் கூண்டுகள்.

“அந்தப் பொம்பளைதானே அனுப்பிச்சா?” என்றார். “அவதான் எடுத்தா. எழுதி வெச்சுக்குங்க.”

“எதுக்கு எடுக்கணும்?” என்றார் மிஸ் லெசாமா.

“கேசட்ல நான் சொன்னதுதான் சரின்னு இருக்கும். தாங்குவாளா?”

“நேத்து டான்ட்டியும் இதையேதான் சொன்னாங்க,” என்றேன். “அவங்க சொன்னது சரின்னு கேசட்ல இருக்குமாம், நீங்க தாங்க மாட்டீங்களாம்.”

“புளிச்ச மூஞ்சியாம், புளிச்ச மூஞ்சி! அவ மூஞ்சியைப் பார்த்து அவளே கண்டுபிடிச்சது.”

“அலமாரிக் கண்ணாடியில உங்க கைரேகை,” என்றார் மிஸ் லெசாமா.

“போன கிறிஸ்துமஸ்ல வெச்சது. கிளாடின் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஓஸ்மண்ட் தரையை மட்டும்தான் தேய்ப்பான். கண்ணாடி அப்படியே கிடக்கும்.” கத்பர்ட் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் சீல் உடைக்காத ஒரு ரம் பாட்டிலோடு வந்தார். “வந்தவங்களை நிக்க வெச்சுப் பேசறேன். இருங்க.”

சீலைத் திருகினார். யாருக்கும் ஊற்றுவதற்கு முன்னால் பாட்டிலைச் சாய்த்து மண்ணில் கொஞ்சம் விட்டார். “அம்மா, உனக்கு,” என்றார். பிறகுதான் கிளாஸ்.

“எப்பவும் அம்மாவுக்குத்தானா?” என்று மிஸ் லெசாமா கேட்டார்.

“பின்ன? என் வீட்டு பாட்டில். என் வீட்ல செத்துப்போனவங்களுக்குத்தான் முதல்ல.”

“ஓஸ்மண்ட் வீட்ல?”

“அவன் திறப்பான், அவன் ஊத்துவான். அடுத்தவன் வீட்டு சீல்ல நான் ஏன் கை வைக்கப் போறேன்? என்னை என்ன பன்னி மேய்க்கிறவன்னு நினைச்சீங்களா?”

மிஸ் லெசாமா குடிக்கவில்லை. நான் அவர் பங்கையும் சேர்த்துக் குடித்தேன். துப்பறிவதில் இப்படிப் பல கஷ்டங்கள்.

கிளம்பும்போது கத்பர்ட் ஒரு கூண்டைத் தட்டினார். உள்ளே மஞ்சள் வயிற்றுக் குருவி ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“போன வெள்ளிக்கிழமை இதுகிட்டதான் பேசிட்டிருந்தேன்,” என்றார். “எல்லாத்தையும் கேட்டுக்குது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது. என்னய்யா பிரயோஜனம்?”

*

ஓஸ்மண்ட் ப்ரெவாலின் வீட்டுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கேட்டருகே ஒரு எலுமிச்சை மரம். அலமாரியில் பிசின். “லைமோட மொத்தக் குடும்பமும் இங்கதான் இருக்கு மிஸ். யாரைக் கைது பண்றது?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. தாழ்வாரத்தில் போட்டிருந்த மூன்று நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓஸ்மண்டுக்கு உடம்பெல்லாம் வயதாகி, குரலுக்கு மட்டும் ஆகவில்லை. “வாருங்கள்,” என்று அவர் சொன்னதும் எனக்குச் செய்தி கேட்க உட்கார வேண்டும்போல இருந்தது.

கூடத்துக்கு அழைத்துப் போனார். மரப்பலகைத் தரை. மெழுகு போட்டுத் தேய்த்த தரை. இப்போது மேலே லேசாகத் தூசி. நடுவில் மேஜை. அதன்மேல் கால்வாசி குறைந்த ரம் பாட்டில், ஒரு கிளாஸ்.

“எதையும் தொடல. துடைக்கக்கூட இல்ல,” என்றார் ஓஸ்மண்ட். “வழக்கமா சனிக்கிழமை தரைக்கு மெழுகு போட்டுடுவேன். கிளாடினுக்குத் தரை பளபளன்னு இருக்கணும். ஆனா தடயம் அழிஞ்சுடக் கூடாது பாருங்க.”

“போலீஸுக்குச் சொன்னீங்களா?”

“எதுக்குப் போலீஸ்? சின்ன விஷயம்.”

“ஃபிலோ, கத்பர்ட், ரெண்டு பேர்ல யாருன்னு நினைக்கறீங்க?”

“ரெண்டு பேரும் இல்ல!” குரல் சட்டென்று உயர்ந்தது. “வெளியாள். கண்டிப்பா வெளியாள். நான் அவங்ககிட்ட சொல்லிப் பார்த்தேன். என் பேச்சை யார் கேட்கறாங்க? ஒருத்தரையொருத்தர் கடிச்சுக் குதறிட்டாங்க.”

“இந்த பாட்டில்?”

“அந்த வெள்ளிக்கிழமைக்குன்னு வாங்கி சீலோட வெச்சிருந்தேன். திருடன் திறந்து குடிச்சிருக்கான்.”

மிஸ் லெசாமா கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அலமாரிக் கண்ணாடியில் கத்பர்டின் கட்டைவிரல் தெளிவாக இருந்தது. அதன்மேல் பல மாதத் தூசி. அதை அவர் ஒரு பார்வைக்கு மேல் பார்க்கவில்லை. ஜன்னலருகே ஒரு சின்ன நாற்காலி, தையல் போட்ட மெத்தையோடு. அதன் முன்னால்தான் வெகுநேரம் நின்றார்.

“இது?”

“கிளாடினோடது.”

“மிஸ்டர் ப்ரெவால், எனக்கு ஒரு வாய் ரம் கிடைக்குமா?”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மிஸ் லெசாமா ஆஸ்பத்திரியில் கொடுத்தால்கூட குடிக்க மாட்டார்.

ஓஸ்மண்ட் மேஜைமேலிருந்த பாட்டிலைப் பார்த்தார். “அது வேண்டாம்,” என்றார் மிஸ் லெசாமா. “அது தடயம். புதுசு இருக்கா?”

“இருக்கு. போன வெள்ளிக்கிழமைக்கு வாங்கினது.” உள்ளே போய் எடுத்து வந்தார். சீல் உடையாத பாட்டில். “யாரும் வரல,” என்று சேர்த்துக்கொண்டார்.

சீலைத் திருகினார். திருகிய கை தன்பாட்டுக்கு ஜன்னல் பக்கம் போயிற்று. கண் மிஸ் லெசாமாவைப் பார்த்துக்கொண்டிருக்க, வாய் ஏதோ பேசிக்கொண்டிருக்க, பாட்டில் சாய்ந்து அந்தச் சின்ன நாற்காலியின் காலடியில் ஒரு மடக்கு விழுந்தது.

“அப்படியே நில்லுங்க,” என்றார் மிஸ் லெசாமா. “மூன்சாமி, கீழ பார்.”

குனிந்து பார்த்தேன். மெழுகுத் தரையில் ரம் பட்டால் வெளுக்கும். இப்போது விழுந்தது இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்துக்குக் கீழே, அதே இடத்தில், காய்ந்து வெளுத்த வட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது.

“சனிக்கிழமை சனிக்கிழமை மெழுகு போடறீங்க,” என்றார் மிஸ் லெசாமா. “திருட்டுக்கு முன்னாடி சனிக்கிழமை தரை சுத்தம். அதுக்கப்புறம் இந்த வீட்ல திறந்த பாட்டில் ஒண்ணே ஒண்ணு, மேஜைமேல இருக்கிறது. ஆக, அதைத் திறந்த திருடன் முதல்ல உங்க மனைவிக்கு ஊத்திட்டுத்தான் குடிச்சிருக்கான். ரொம்ப மரியாதையான திருடன், மிஸ்டர் ப்ரெவால்.”

“ஃபிலோவுக்கும் கத்பர்டுக்கும்கூட கிளாடின் நாற்காலி தெரியுமே மிஸ்,” என்றேன்.

“தெரியும். ஆனா இந்த வீட்டு சீலை அவங்க உடைப்பாங்களா? இங்க சீலை உடைக்கிற கை ஒண்ணுதான். திருடன் குடிச்ச மாதிரி காட்டணும்னு எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிருக்கார். கையைத் தடுக்க மட்டும் மறந்துட்டார்.”

ஓஸ்மண்ட் ப்ரெவால் உட்கார்ந்தார். பாட்டில் மடியில் இருந்தது. ரேடியோவில் சத்தத்தைக் குறைத்ததுபோல அவர் குரல் தணிந்துவிட்டது.

“அவளுக்கு ஊத்தாம எப்படித் திறக்கறது?” என்றார்.

*

கேசட் அந்தத் தையல் மெத்தையின் உறைக்குள்ளேயே இருந்தது.

“செவ்வாய்க்கிழமை தனியா போட்டுக் கேட்டேன்,” என்றார் ஓஸ்மண்ட். “நல்லா ஓடுதான்னு பார்க்கத்தான். அந்தக் காலத்துல கிளாடினையும் கூட்டிக்கிட்டுப் பேட்டி எடுக்கப் போனப்ப நடுவுல பேட்டரி தீர்ந்துடும்போல இருந்தது. வேற எடுத்துட்டு வர நான் வண்டிக்குப் போனேன். அந்தக் கொஞ்ச நேரத்துல கிளாடின் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கிழவிகிட்ட லைமைப் பத்திக் கேட்டிருக்கா. கிழவி அவ்வளவு தெளிவா பதில் சொல்றா. கேசட் பெட்டியில ‘லைம்’னு கிளாடின் எழுதி வெச்சிருக்கா, நான் முப்பது வருஷமா திறக்கவே இல்ல. கேட்டு முடிச்சேன். எங்க மூணு பேர்ல ஒருத்தர் சொன்னதுதான் சரி. சந்தோஷமாத்தான் இருந்தது. அப்புறம் மெஷினை நிறுத்தினேன். வீடு அப்படியே அமைதியாயிடுச்சு.”

மிஸ் லெசாமா கேசட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“பதில் தெரிஞ்சுபோச்சுன்னா அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க எதுக்கு வருவாங்க? எனக்கு உடம்பு எப்படின்னு கேட்கவா? எவ்வளவு நாள் கேட்பாங்க?”

“தூக்கிப் போட்டிருக்கலாமே,” என்றேன்.

“அதுல கிளாடின் பேசறா தம்பி.”

 

ஓஸ்மண்ட் கேசட்டை வாங்கி மெஷினில் போட்டார். முதலில் இரைச்சல். பிறகு ஒரு பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு: “ஓஸ்மண்ட், ரெண்டு பேட்டரியும் புதுசா பார்த்து எடுத்துட்டு வா.” கதவு சாத்தும் சத்தம். பிறகு அதே குரல், மெதுவாக: “மா டிட்டீன், லைம் லைம்னு சொல்றோமே, அது எங்கேர்ந்து வந்தது?” ஒரு கிழவி தொண்டையைச் செருமினாள். ‘சிலீர்’ என்று கிளாஸ் ஒன்று விழுந்து உடைந்தது. “ஏய் பொண்ணே! கண்ணு எங்க இருக்கு உனக்கு? ரேடியோக்காரன் வாசலைத் தாண்டிப் போயாச்சு, இன்னும் அந்தப் பக்கமே பார்த்துட்டு நிக்கறே! கூட்டித் தள்ளு போ. ம்... லைம்தானே கேட்டே? சொல்றேன் கேளு...”

மிஸ் லெசாமா பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

“மிஸ்!” என்று அலறினேன். “இன்னும் ஒரு நிமிஷம்!”

“நமக்கு எதுக்கு?” என்றார். கேசட்டை எடுத்து மறுபடி மெத்தை உறைக்குள் வைத்தார். பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், தாழ்வாரத்துக்குப் போய் மூன்று நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார்.

மணி நாலரை இருக்கும். வெயில் சாய்ந்து தெரு காலியாக இருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது.

“மூன்சாமி, பேசு.”

“என்ன பேசறது?”

“லைமைப் பத்தி. தப்பா ஏதாவது சொல்லு. சத்தமா. உனக்கு என்ன, புதுசா?”

புரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “விஷயம் ரொம்ப சுலபம்!” என்று தெருமுனைவரை கேட்கக் கத்தினேன். “லைம்னு ஒரு மரம் இருக்கு! அந்தக் காலத்துல எல்லாரும் அந்த மரத்தடியில உட்கார்ந்துதான் பேசினாங்க! அதான் லைம்! மத்ததெல்லாம் சுத்தப் பேத்தல்!”

ஓஸ்மண்ட் வலி வந்தவர்போல முகத்தைச் சுளித்தார். “அது குளிர் தேசத்து மரம் தம்பி...”

“மாலுமியாம்! பிசினாம்! எலுமிச்சையாம்! படிக்காதவங்க சொல்ற கதை!”

கீழே தெருவில் யாரோ நின்றார்கள். கையில் கூண்டோடு கத்பர்ட். எங்கே போய்க்கொண்டிருந்தாரோ தெரியாது. வெள்ளிக்கிழமை அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் அவருக்கு வேறு வேலை இருந்திருக்க முடியாது.

“யோவ்! என்ன மரம்?” என்றார். “டிரினிடாட்ல அந்த மரம் எங்கய்யா இருக்கு? ஒண்ணு காட்டு, நான் என் குருவியையெல்லாம் திறந்து விட்டுடறேன்!”

“அதை நம்ம ஜனங்க கப்பல்ல கேள்விப்பட்டாங்க!”

“மரத்தைக் கப்பல்லயா?” கத்பர்ட் கேட்டைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டார். “ஒட்டிக்கிட்டு உட்கார்றதுதான் லைம். பிசின்! கையை நீட்டு, தடவிக் காட்டறேன்.”

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. டான்ட்டி ஃபிலோ வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து வந்தார். “பிசினைப் போய்ச் சொல்றான் பாரு! ஒட்டிக்கிட்டவனுக்கு எதுக்குய்யா லைம்? வெளிய நிக்கறவன், உள்ள வர முடியாதவன், அவன்கிட்டேர்ந்துதான் வந்தது. புளிச்ச மூஞ்சி!”

“ரெண்டு பேரும் தப்பு,” என்றார் ஓஸ்மண்ட். ரேடியோ குரல் திரும்பி வந்துவிட்டது. “மாலுமி.”

கத்பர்டும் டான்ட்டியும் ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் பேசிய பேச்செல்லாம் இரண்டு பேர் முகத்திலும் வந்து நின்றது.

“கேசட் கிடைச்சுடுச்சு,” என்றார் மிஸ் லெசாமா. “திருடன் யாரும் இல்ல. வீட்டுக்குள்ளேயே இருந்தது. பழைய கேசட், சுருள் சிக்கிப்போச்சு. ஒண்ணும் கேட்காது.”

வாழ்நாள் பூராவும் பொய்யைப் பிடித்தவர், கண்ணிமைக்காமல் ஒரு பொய்யைச் சொன்னார்.

“சிக்கிப்போச்சா?” என்று கத்பர்ட் துக்கம் கேட்பவர்போலக் கேட்டார். ஆனால் அவருக்கு வந்த நிம்மதியை அவரால் மறைக்க முடியவில்லை. கூண்டை ஆணியில் மாட்டினார். “போனாப் போகுது. ஃபிலோ, நான் அன்னைக்குச் சொன்னது...”

“நானும்தான் சொன்னேன். நகரு, எனக்கு உட்காரணும்.”

நாற்காலி போதவில்லை. நானும் கத்பர்டும் படியில் உட்கார்ந்தோம். ஓஸ்மண்ட் ஒரு கிளாஸ் ரம் எடுத்து வந்து மிஸ் லெசாமா முன்னால் வைத்தார். அவர் அதில் எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு மிடறு குடித்து, மருந்து குடித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார். “பார்த்தீங்களா! அதான் நான் சொன்ன மூஞ்சி!” என்று டான்ட்டி கைதட்டினார். கத்பர்ட் இல்லையென்றார். ஓஸ்மண்ட் இரண்டு பேரும் தப்பென்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு அந்தக் காலி வீட்டு ஞாபகமே வரவில்லை.

இருட்டுவதற்கு முன் கிளம்பினோம். கேட்டுக்குப் போகும்போது மிஸ் லெசாமா என்னைப் பார்க்காமல் கேட்டார்: “அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நமக்கு வேலை ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்ல மிஸ்.”

“ம்.”

டான்ட்டி ஃபிலோ வழியனுப்ப வந்தார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே கேட்காத குரலில் ஒன்று கேட்டார்.

“கேசட் எங்க சிக்கிச்சு மிஸ்? கிளாஸ் உடையறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

 கிளாஸ் உடைந்ததைப் பற்றி நாங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மிஸ் லெசாமா ஒரு அடி திரும்பி வந்தார். “பின்னாடி,” என்றார். “பதிலுக்கு முன்னாடி.”

“நல்லது.” டான்ட்டி தலையாட்டினார். “டிட்டீன் என் பெரியம்மா. அந்தக் கடையில நான் கிளாஸ் கழுவிட்டிருந்தேன். அன்னைக்கு அவ சொன்னப்ப அங்க மூணு பேர்தான் இருந்தோம். மத்த ரெண்டு பேரும் போயாச்சு.”

“அப்ப உங்களுக்கு லைமோட அப்பன் யாருன்னு முதல்லேர்ந்தே...” என்று ஆரம்பித்தேன்.

“கிளாடின் போனதுக்கப்புறம் ஒரு நாள் ஓஸ்மண்ட் தனியா உட்கார்ந்திருந்தார் தம்பி. கேட்டுகிட்ட நின்னு என்ன பேசறதுன்னு தெரியாம லைம்னு ஆரம்பிச்சேன். சரியான பதிலைச் சொல்லியிருந்தா நன்றின்னு சொல்லிட்டு எழுந்து உள்ள போயிருப்பார். தப்பாச் சொன்னேன். உட்காருங்க, விளக்கறேன்னார். இன்னும் விளக்கிட்டிருக்கார்.”

தாழ்வாரத்திலிருந்து அந்த ரேடியோ குரல் வந்தது. “ஃபிலோ! ஓடிட்டியா? பதில் இல்லைன்னா ஒத்துக்கோ!”

“யாரு ஓடறது?” என்று டான்ட்டி ஃபிலோ திரும்பிக் கத்தினார். “புளிச்ச மூஞ்சிதான்! சாகறவரைக்கும் அதையேதான் சொல்வேன்!” என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் படியேறினார்.